பெட்டியடியில் கற்ற கடை

1905ஆம் ஆண்டு மாயவரம் பக்கத்துக் கூத்தூரிலிருந்து 18 வயது இளைஞர் ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். வந்த இடத்தில் மளிகைக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது; வேளாவேளைக்குச் சாப்பாடு, இரவில் படுக்கக் கடையிலேயே இடம், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் கடை கைமாறும் நிலை வந்தபோது, அதே இளைஞர் செட்டியார் ஒருவரிடம் கடன் வாங்கிக் கடையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அவர்தான் பி. கோவிந்தசாமிப் பிள்ளை. சிராங்கூன் சாலையில் மளிகை, ஜவுளி, மாவு மில், மசாலா மில் என்று விரிந்த அவருடைய வியாபாரத்தை இரண்டு தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘பி.ஜி.பி.’ என்ற மூன்றெழுத்தில் சொன்னார்கள். பெருமாள் கோவிலில் அவர் பெயரில் கல்யாண மண்டபம் இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பையன் பணக்காரரான அதிசயத்தில் நின்றுவிடுகிறார்கள். நின்று பார்க்கவேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. கடைச் சிப்பந்தியாக இருந்த ஒருவரை நம்பிச் செட்டியார் கடன் கொடுத்தார். வட்டிக்குப் பணம் கொடுப்பவர் இரக்கத்தால் கொடுப்பதில்லை. அரிசி மூட்டை எங்கே மலிவாகக் கிடைக்கும், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் சொல்லலாம், எந்த மாதம் சரக்கு தேங்கும் என்பதெல்லாம் அந்த இளைஞருக்குத் தெரியும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

தொழில் தொடங்க நினைப்பவர்கள் இன்று முதலில் கேட்பது, “எவ்வளவு முதல் வேண்டும்?” என்றுதான். சிராங்கூன் சாலையின் இருநூறு ஆண்டுச் சரித்திரம் அதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்கிறது: யாருடைய கடையில், எத்தனை ஆண்டு இருந்தீர்கள்?

கடன் கொடுத்த செட்டியார்களே இந்தக் கேள்வியை ஒரு கல்விமுறையாக ஆக்கி வைத்திருந்தார்கள். சிங்கப்பூர் ஆற்றுக்கு அருகில் இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர்கள் செட்டித் தெரு என்பார்கள். அங்கே இருந்த நீண்ட கடைவீடுகளுக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கிட்டங்கிக்குள் பல பெட்டிக் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் தரையில் சில அடி இடம், பணமும் பத்திரமும் வைக்கும் மரப்பெட்டி ஒன்று, உட்கார்ந்தபடி எழுதச் சாய்வு மேசை ஒன்று. நாற்காலிகூடக் கிடையாது. பகலில் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்த அதே இடத்தில் இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். சமையல் பொது. வாடகையும் சாப்பாடும் இவ்வளவு சுருங்கியிருந்ததால், வரவு குறைந்த மாதங்களையும் அவர்களால் தாங்க முடிந்தது.

செட்டிநாட்டிலிருந்து மீசை அரும்பாத வயதிலேயே பையன்கள் வந்தார்கள். வருவதற்கு முன்பே பின்ன வாய்பாடும் வட்டிக் கணக்கும் மனப்பாடம். வந்ததும் பெட்டியடிப் பையன்: கூட்டித் துடைப்பது, கடிதம் கொண்டுபோவது, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதைக் கேட்பது. அடுத்த படி அடுத்தாள். பேரேடும் குறிப்பும் எழுதவேண்டும், வசூலுக்குப் போகவேண்டும். அதற்கும் மேலே மேலாள். கடல் கடந்த ஊரில் முதலாளியின் பெயரால் கடையை முழுக்க நடத்துபவர் அவர். மூன்று ஆண்டு ஒரு தவணை. சம்பளச் சீட்டு முன்கூட்டியே எழுதப்படும். சம்பளத்தில் ஒரு பகுதி கிளம்பும்போதே வீட்டுக்குப் போய்விடும்; லாபத்தில் ஒரு பங்கு, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும்போது கைக்கு வரும். ஐந்தொகை போட்டுக் காட்டி, ஒரு காசு குறையாமல் ஒப்படைத்தவருக்குத்தான் அடுத்த தவணை.

இப்படி இரண்டு மூன்று தவணை முடித்தவர் தனிக்கடை போட விரும்பினால், பழைய முதலாளியே சில சமயம் அதில் பணம் போட்டார். பிரிந்து போகிறவரைப் போட்டியாளராகப் பார்க்காமல், சோதித்துப் பார்த்த ஆளாகப் பார்த்தார்கள். இன்றைய முதலீட்டாளர்கள் காகிதத்தில் எழுதிய திட்டத்தைப் பார்த்துப் பணம் போடுகிறார்கள். செட்டித் தெருவில் ஒன்பது ஆண்டுப் பேரேடுதான் திட்ட அறிக்கை.

இந்த ஏற்பாட்டைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு சமூகத்துக்குள் பூட்டிய பள்ளி. வெளியாளுக்கு அதில் இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயைப் பிரிந்து வந்த பையன்களின் இரவுகளை எந்தப் பேரேடும் பதிவு செய்யவில்லை. கோவிந்தசாமிப் பிள்ளையைப்போல் சம்பளமில்லாமல் உழைத்தவர்களில் கடை வாங்கியவர்கள் சிலரே. மற்றவர்களின் உழைப்பு யாரோ ஒருவரின் லாபமாகவே முடிந்தது. கற்றுக்கொள்ளும் காலத்துக்கு நியாயமான கூலி கொடுப்பது அந்தக் காலம் செய்யத் தவறிய கடமை.

அந்தப் பள்ளியும் புயலில் ஆடியது. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாக வந்த தோட்டங்களும் வீடுகளும் செட்டியார்களின் கையில் தேங்கின. பணமாக இருக்கவேண்டியது மண்ணாக நின்றது. 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, தரையில் பெட்டி வைத்து நடத்திய தொழில் வங்கி என்ற புதிய உருவத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. பின்னர் அந்த வங்கி சிங்கப்பூரிலும் கிளை திறந்தது.

இந்த ஊரில் தொடக்கத்திலேயே கடை போட்ட தமிழர் ஒருவரின் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1819 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கிலிருந்து அவரோடு ‘இண்டியானா’ கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. கருவூலத்தில் நாணயங்கள் நல்லவையா என்று பார்க்கும் வேலை கிடைத்தது. அவர் அதோடு நிற்கவில்லை. வீடு கட்ட எல்லோரும் துடிக்கிறார்கள், ஊரில் செங்கல் இல்லை என்பதைக் கண்டார். தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். கொத்தனார், தச்சர், துணி வியாபாரிகளை அனுப்பும்படி பினாங்கில் தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்ததாகக் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை. சரக்கு பெரும்பாலும் கடனுக்கு வந்தது.

1822இல் கடை தீப்பிடித்து எரிந்தது. சரக்கு சாம்பல், கடன் அப்படியே நின்றது. அந்த ஆண்டு கடைசியில் திரும்பி வந்த ராஃபிள்ஸ், இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ் என்று அழைக்கப்படும் கமர்ஷியல் ஸ்கொயரில் அவருக்கு இடம் கொடுத்தார். பிள்ளை மறுபடி எழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் மாரியம்மன் கோவிலை எழுப்பியவர் அவரே.

ஆளுநரின் தயவால் பிழைத்தார் என்று இதைச் சுருக்கலாம். அது பாதி உண்மை. மூன்றே ஆண்டில் ஊருக்குச் செங்கல்லும் ஆட்களும் துணியும் கொண்டுவந்த மனிதரை இழக்க ஊருக்கு மனமில்லை. காப்பீடு என்ற சொல்லே தமிழ்க் கடைக்காரருக்கு எட்டாத அந்த நாளில், அவர் மற்றவர்களுக்குப் பயன்பட்டிருந்ததுதான் அவருக்குக் காப்பீடாக நின்றது. இன்று கடை போடுகிறவர் அந்த நம்பிக்கையில் இருக்கத் தேவையில்லை. தீக் காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு சரக்கு இறக்கலாம்.

செட்டித் தெருவும் கிராஸ் ஸ்திரீட்டும் ஆற்றோரத்தில். ஊருக்கு வெளியே கிடந்த சிராங்கூன் பக்கம் வியாபாரம் எப்படி வந்தது? மாடுகளின் பின்னால் வந்தது. ரோச்சோர் ஆற்றின் தண்ணீர், புல் முளைத்த தாழ்நிலம். மாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் முன்பே இருந்தன. அங்கே உழைத்தவர்களின் குடியிருப்பால்தான் வீரமாகாளியம்மன் கோவிலுக்குச் சுண்ணாம்புக் கம்பம் கோவில் என்ற பழைய பெயர். 1840களில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் ஐ.ஆர். பெலிலியோஸ் மாட்டு வியாபாரத்தில் பேர்போனார். அவர் பெயரில் பெலிலியோஸ் ரோடு இருக்கிறது, அதன் அண்டையில் பஃபலோ ரோடு.

மாட்டைச் சுற்றி ஒரு சந்தையே வளர்ந்தது. மேய்க்கவும் கறக்கவும் தமிழகத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மாடு செக்கிழுத்தது, எள் எண்ணெய் வந்தது. கோதுமை அரைத்தார்கள், மிஞ்சிய தவிடு தீவனமானது. அன்னாசி டப்பாத் தொழிற்சாலைகளும் பிரம்பு வேலைக்கூடங்களும் பக்கத்தில் எழுந்தன. சீன முதலாளிகளும் இங்கேயே கடை விரித்தார்கள். கெர்பாவ் ரோட்டில் வண்ணம் பூசி நிற்கும் தான் டெங் நியா வீடு 1900இல் கட்டப்பட்டது. அவர் மிட்டாய்த் தொழிற்சாலைகள் வைத்திருந்தவர். இத்தனை ஆட்களுக்கும் சோறு, துணி, வெற்றிலை, சாமி எல்லாம் வேண்டியிருந்தன. கடைகள் அதற்காக வந்தவை. கூட்டம் எங்கே கூடும் என்று ஊகித்துக் கடை போட்டவர்களைக் காட்டிலும், கூடிவிட்ட கூட்டத்துக்கு எது குறைகிறது என்று பார்த்துப் போட்டவர்கள்தான் சிராங்கூனில் நிலைத்தார்கள்.

ஆனந்த பவன் சைவ உணவகம் 1924இல் தொடங்கியது. 1947இல் முருகையா ராஜு சிராங்கூன் சாலையில் கோமள விலாஸைத் தொடங்கினார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள் நிறைந்த ஊரில், சுத்த சைவமாக ஒரு இலைச் சாப்பாடு போடுவது எத்தனை பெரிய சேவை என்பதை அந்த ஆண்டுகளில் பசியோடு நடந்தவர்கள் அறிவார்கள். இரண்டும் இன்றும் நடக்கின்றன.

கடையே இல்லாமல் கடை போட வழியும் இருந்தது. ராஃபிள்ஸ் 1822இல் ஊருக்குத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்பும் கூரையிட்ட நடைபாதை இருக்கவேண்டும் என்று விதித்தார். அஞ்சடி என்று தமிழர்கள் அதைச் சொன்னார்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வகுத்த இடம் ஏழைகளின் வணிகத் தளமானது. வெற்றிலைத் தட்டு, கிளி ஜோசியரின் கூண்டு, பூக்கட்டும் பலகை, தையல் இயந்திரம் ஒன்று. உள்கடைக்காரருக்குச் சிறு வாடகை, அல்லது அவருக்கு ஒத்தாசை, அதுவே குத்தகை. விற்றால் நாளைக்கும் உட்காரலாம், விற்காவிட்டால் பலகையைத் தூக்கிக்கொண்டு வேறு தூணடிக்குப் போகலாம். கச்சான் பூத்தே விற்ற தமிழர்கள் தூணையும் நம்பவில்லை. கடலையும் முறுக்கும் நிறைந்த தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு சினிமாக் கொட்டகை வாசலுக்குப் போனார்கள்.

மசாலா அரைத்தவர்களின் கலை இவற்றில் தலைசிறந்தது. கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1915இல் எழுந்த தேக்கா சந்தையிலும் அரைத்த மசாலாக் கடைகள் பேர்பெற்றவை. வாங்க வருபவர் “மசாலா கொடுங்கள்” என்றால் கடைக்காரர் உடனே அள்ளிவிட மாட்டார். மீனுக்கா, கோழிக்கா, ஆட்டுக்கா? எத்தனை பேருக்கு? காரம் தாங்குவார்களா? கேட்ட பிறகே மஞ்சள், மிளகாய், மல்லி உருண்டைகளிலிருந்து அளவாகக் கிள்ளி இலையில் சேர்ப்பார். சீன வீட்டுக்கு ஒரு கை, மலாய் வீட்டுக்கு ஒரு கை, யுரேஷியர் வீட்டுக்கு வேறு. நாலு மொழி பேசும் ஊரில் எல்லோருடைய அடுப்படியையும் அந்தக் கடைக்காரர் அறிந்திருந்தார். வாடிக்கையாளரை அறிவது என்று இன்று பாடமாகச் சொல்லித் தருவதை, எழுதப் படிக்கத் தெரியாத பலர் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து செய்துகாட்டினார்கள். சிங்கப்பூர் வணிக வரலாற்றில் இந்தப் பெண்களின் பெயர்கள் இல்லாதது பெரிய குறை.

கேம்பல் லேனில் 1960இல் முருகையா ராமச்சந்திரா தொடங்கிய ஜோதி ஸ்டோர் பூவும் பூசைப் பொருளும் விற்றது; பின்னால் தனிக் கட்டடம் கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. பூ ஒருநாள் சரக்கு. மாலைக்குள் விற்றாக வேண்டும். கற்பூரமும் குத்துவிளக்கும் ஆண்டுக்கணக்கில் கெடாது. இரண்டையும் ஒரே கூரையில் வைத்தவர், பூ வாங்க வந்தவரிடமே விளக்கையும் விற்கலாம்.

வாடகை தனிக்கதை. போருக்குப் பிறகு ஊரில் வீட்டுப் பஞ்சம். 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவை ஒட்டியே நிறுத்திவைத்தது. சிராங்கூனின் கடைவீடுகளில் பெரும்பாலானவை அந்த வகை. குறைந்த லாபத்தில் ஓடும் மளிகைக் கடை, தையல் கடை, அச்சகம் எல்லாம் அந்த நிழலில் பிழைத்தன. மறுபுறம், வீட்டுக்காரர் கட்டடத்தைப் பழுது பார்க்கவில்லை. கடையை விடும் குத்தகைக்காரர், வருகிறவரிடம் சாவிக்காகக் கணிசமான தொகை வாங்கிக்கொள்வார். புதிதாக வருபவருக்கு மாத வாடகை சொற்பம். உள்ளே நுழையும் விலைதான் கழுத்தை நெரித்தது.

1989 ஜூலையில், சிராங்கூன் சாலையைச் சுற்றிய லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்புகள் இடிபடாமல் தப்பின. 2001இல் வாடகைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. சந்தை விலைக்கு வாடகை ஏறியதும், பல ஆண்டு நடந்த கடைகள் சில தங்கள் வியாபாரம் உண்மையில் எவ்வளவு லாபம் தந்தது என்பதை முதன்முறையாகக் கணக்குப் பார்த்தன. மலிவு வாடகையே லாபமாக இருந்த கடைகள் மூடின. கட்டடங்களைக் காத்த அளவுக்குக் கடைகளைக் காக்கவில்லை என்ற வருத்தம் நியாயமானதே. ஆனால் மானியம்போல வந்த ஒரு சலுகையை நிரந்தரம் என்று கணக்கில் எழுதிய தவறும் அங்கே நடந்தது.

அந்த மாற்றத்தை முன்னதாகவே எதிர்கொண்ட ஒரு கடையை எல்லோரும் அறிவார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஹாஜி முகமது முஸ்தஃபா கேம்பல் லேனில் தள்ளுவண்டியில் தேநீரும் பலகாரமும் விற்றவர். அவருடைய மகன் முஸ்தாக் அகமது சிறுவனாக இருந்தபோதே வண்டிக்குப் பக்கத்தில் கைக்குட்டை விற்றார். 1971இல் தந்தையும் மகனும், உறவினர் சம்சுதீனும் சேர்ந்து அதே தெருவில் ஆயத்த ஆடைக் கடை ஒன்றைத் தொடங்கினார்கள். பேரம் பேசுவதே வழக்கமான தெருவில் முஸ்தாக் நிலையான விலைச்சீட்டு ஒட்டினார். லாபம் குறைவு, விற்பனை அதிகம். பேரம் பேசத் தெரியாதவரும், மொழி தெரியாத கப்பல் ஊழியரும், அவசரத்தில் வந்த பயணியும் ஏமாறாமல் வாங்கலாம் என்ற பெயர் பரவியது. 1985இல் சிராங்கூன் பிளாசாவுக்கு மாறினார்கள். 1995இல் சையது ஆல்வி ரோட்டில் பெரிய அங்காடி. 2003 முதல் பல ஆண்டுகள் அது 24 மணி நேரமும் திறந்திருந்தது. கேம்பல் லேன் காலத்தில் எடுத்த ஒரே முடிவு, விலையை எழுதி ஒட்டுவது, பிறகு வந்த எல்லாவற்றையும் தாங்கியது.

1980களுக்குப் பிறகு சிராங்கூனின் புதிய கூட்டம் கட்டுமானத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. அந்த ஒருநாளில் ஊருக்குப் பணம் அனுப்பவும், தொலைபேசி அட்டை வாங்கவும், நண்பனைப் பார்க்கவும், வயிறார உண்ணவும் இங்கேதான் வந்தார்கள். வாரத்தின் ஆறு நாளையும் ஞாயிறே தாங்கும் கடைகள் பெருகின. அதன் ஆபத்து இரண்டு முறை வெளிப்பட்டது. 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதித் தொழிலாளர் ஒருவர் இறந்ததை ஒட்டிக் கலவரம் மூண்டது. மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2015இல் அது தனிச் சட்டமானது. மதுவை நம்பிய கடைகள் தடுமாறின. 2020 ஏப்ரலில் கொரோனாவால் தொழிலாளர்கள் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள். 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் என்ற அளவில், சோதனை முயற்சியாக அவர்கள் லிட்டில் இந்தியா வர விடப்பட்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு வீடு தேடிப் பொருள் கொண்டுபோன கடைகள் மூச்சுவிட்டன. ஞாயிறை மட்டும் நம்பியவை தவித்தன.

புதிதாகக் கடை தேடுபவருக்கு இன்று ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. சில்லறைக் கடைகளின் குத்தகை பற்றிய சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளில், விற்பனையில் ஒரு பங்கு அல்லது நிலையான தொகை, இரண்டில் எது அதிகமோ அதுவே வாடகை என்று எழுதிக்கொள்ளும் பழக்கத்தை அது தடுக்கிறது. வாடகைக்கு ஒரே கணக்குமுறைதான் இருக்கவேண்டும். கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியைப் படிக்க ஒரு மணி நேரம் போதும். வாடகை போக நாளொன்றுக்கு எத்தனை வெள்ளி விற்றாக வேண்டும் என்ற கணக்கைத் தேக்காவின் பழைய கடைக்காரர் ஒருவரிடம் உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரு மாலை வேண்டும். அவரே சில மாதம் கடைக்கு வந்து நில் என்று சொன்னால், சம்பளத்தைப் பேசிக்கொண்டு போய் நிற்பது நல்லது.